மாடிக்கும் அடுப்படிக்கும் ஒரே பானை

மதுரையில் இருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மொட்டை மாடியில் பன்னிரண்டு தொட்டிகள் வைத்திருக்கிறார். வெண்டை, கத்தரி, மிளகாய், புதினா, கொஞ்சம் கீரை. பிள்ளைகளுக்கு ஏழு வயதும் பதினொரு வயதும் ஆகிறது. கோடை விடுமுறை தொடங்கிவிட்டது. அதிகம் செலவில்லாமல் அவர்களோடு உட்கார்ந்து தோட்டத்துக்கு என்ன செய்யலாம், அடுப்பருகே நிற்க முடியாத இந்த வெயிலில் எளிமையாக என்ன சமைக்கலாம், மே மாதம் நான்கு நாள் ஊருக்குப் போகும்போது செடிகளை என்ன செய்வது என்று மூன்று கேள்விகள்.

நானும் இதே வெயிலில்தான் பதினைந்து ஆண்டுகளாக மாடியில் செடி வளர்க்கிறேன். என் அனுபவத்தில் இவை மூன்றும் ஒரே கேள்விதான். கோடையில் தோட்டத்து வேலையும் சமையல் வேலையும் தண்ணீரைக் காப்பாற்றும் வேலை. அதனால் வண்ணம் பூசிய பாட்டில், தெர்மாகோல் பொம்மை என்று தொடங்காதீர்கள். பார்க்க அழகாக இருக்கும், செடிக்கு ஒன்றும் செய்யாது. பிள்ளைகள் செய்த பொருளால் ஒரு செடி பிழைத்தது என்று அவர்களே பார்க்க வேண்டும். அப்போதுதான் மறுநாளும் தாமாக மாடிக்கு ஏறுவார்கள்.

முதலில் ஒரு மண் கலயம் வாங்குங்கள். ஒரு லிட்டர் பிடிக்கும் சிறிய கலயம், வாய் குறுகலாக, மூடியோடு. மதுரைக்காரருக்கு இது எளிது. மானாமதுரைப் பானைகள் பக்கத்திலேயே கிடைக்கின்றன. மெருகு பூசாததாக, வண்ணம் அடிக்காததாக இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் ஊற்றி நிழலில் வையுங்கள். அரை மணி, முக்கால் மணி நேரத்தில் வெளிப்புறம் வியர்த்து நிறம் கறுக்க வேண்டும். அப்படிக் கசியும் கலயம்தான் நமக்கு வேண்டும். ஒரு முறை பளபளப்பாக இருக்கிறதே என்று மெருகிட்ட கலயங்களை வாங்கிப் புதைத்துவிட்டேன். ஒரு வாரம் கழித்துத் திறந்தால் ஊற்றிய தண்ணீர் அப்படியே நின்றது, செடிகள் வாடிக் கிடந்தன.

வியர்க்கும் கலயத்தைத் தொட்டியின் நடுவில் கழுத்து வரை புதைத்து, சுற்றிலும் மண்ணை நன்றாக அழுத்துங்கள். கலயத்துக்கும் மண்ணுக்கும் இடையில் காற்று இடைவெளி இருந்தால் நீர் மண்ணுக்குப் போய்ச் சேராது. பிறகு தண்ணீர் நிரப்பி மூடியால் மூடிவிடுங்கள். திறந்து வைத்தால் கொசு முட்டையிடும்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பெரியவனுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். சுட்ட களிமண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. காய்ந்த மண் அந்தத் துளைகள் வழியாக நீரை உறிஞ்சும். ஈரமான மண் அவ்வளவாக உறிஞ்சாது. அதனால் மண் எவ்வளவு காய்கிறதோ ஏறக்குறைய அந்த அளவுக்குத்தான் கலயம் கசியும். தண்ணீர் வேர்ப்பகுதியிலேயே இறங்குவதால் மேல்மண் வழியாக ஆவியாகிப் போவதும் குறைவு. சீனாவில் சுமார் 2000 ஆண்டுகளுக்கு முந்தைய வேளாண் குறிப்பிலேயே இந்த முறை இருக்கிறது. நம் பக்கத்திலும் வறண்ட நிலத்தில் மரக்கன்று நடுகிறவர்கள் பானையில் சிறு ஓட்டை போட்டுத் திரி செருகிக் கன்றருகே வைப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

குடிக்கும் தண்ணீர்ப் பானையும் இதே கசிவால்தான் குளிர்கிறது. வெளியே கசிந்த நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. மதுரைக் காற்று வறண்டது. அதனால் கடற்கரை ஊர்களில் குளிர்வதை விட இங்கே பானை நன்றாகக் குளிரும். ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றி ஊற்றி ஒன்றிரண்டு கோடை கடந்தால் துளைகளில் உப்பு அடைத்துக்கொள்ளும். அப்போது பானை குளிர்வது நின்றுவிடும். அதைத் தோட்டத்தில் புதைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம், குளிராத பானை கசியவும் செய்யாது. அடியில் ஓட்டை போட்டுப் புதினா வளர்த்துக்கொள்ளுங்கள். உடைந்துபோனால் அந்த ஓடுகளைத் தொட்டியின் வடிகால் துளை மேல் கவிழ்த்து வைக்கலாம், மண் அடைக்காது. இன்னொன்று, கலயத்தில் எரு கரைத்த நீரை ஊற்றாதீர்கள். துளைகள் அடைபடும். எருவை மேல்மண்ணில் கொடுங்கள்.

சின்னவளுக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. தென்னை ஈர்க்கு ஒன்றை எடுத்து, விரற்கடை அளவுக்கு ஒரு கோடாக மையால் குறித்துக் கொடுங்கள். தினமும் சாயங்காலம் அதைக் கலயத்துக்குள் விட்டு எத்தனை கோடு இறங்கியிருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதட்டும். வெண்டைத் தொட்டிக்கு ஒரு ஈர்க்கு, புதினாத் தொட்டிக்கு ஒன்று. அக்கினி நட்சத்திர நாட்களில், அதாவது மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும் அந்தக் கடும் வெயிலில், எந்தச் செடி எவ்வளவு குடிக்கிறது என்று அவளே உங்களுக்குச் சொல்வாள். என் வீட்டில் இந்தக் கணக்கை எழுதிய பிள்ளைக்குத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு மறக்கும் பழக்கம் தானாகவே போனது.

அடுத்தது சிரட்டை. சென்னைப் பக்கம் கொட்டாங்குச்சி என்பார்கள். தேங்காயின் மூன்று கண்களில் ஒன்று மட்டும் மெத்தென்று இருக்கும். முளை வெளியே வருவதற்கு இயற்கை விட்ட வாசல் அது. உடைத்த தேங்காயில் கண் இருக்கும் மூடியைத் தனியாகச் சேர்த்து வையுங்கள். துருவி முடித்த சிரட்டையில் அந்த மெத்தென்ற கண்ணை ஓர் ஆணியால் குத்தினால் வடிகால் துளை தயார். துளைக்கருவி வேண்டாம், சிரட்டை விரிசல் விடாது, பதினொரு வயதுப் பிள்ளை தானே செய்துவிடும். கண் இல்லாத மூடியில் மெனக்கெட வேண்டாம். அதை விதை எடுத்து வைக்க, எரு அள்ள வைத்துக்கொள்ளுங்கள். சிரட்டையின் உட்புறத்தில் பருப்பு ஒட்டியிருந்தால் எறும்பு வரும், சுரண்டி இரண்டு நாள் வெயிலில் காயவிடுங்கள்.

நிரப்புவதற்குத் தென்னை நார்த்தூளும் மட்கிய எருவும் சம பங்கு போதும். நார்த்தூளைக் கட்டியாக வாங்கினால் இரண்டு முறையாவது தண்ணீரில் ஊறவைத்துப் பிழியுங்கள். அதில் உப்பு இருக்கும், இளம் வேர் கருகிவிடும். இந்தச் சிரட்டைகளில் கத்தரி, தக்காளி, மிளகாய் விதை போடலாம். ஆனால் ஏப்ரலில் போடாதீர்கள். மே கடைசியிலோ ஜூன் முதலிலோ விதைத்தால் நாற்று ஆடிப் பட்டத்துக்குச் சரியாக வந்து நிற்கும். அதுவரை சிரட்டையில் பச்சைப்பயறு, வெந்தயம் என்று ஒரு வாரம், பத்து நாளில் கிள்ளித் தின்னும் இளங்கீரை வளர்க்கட்டும். பிள்ளைகளின் பொறுமைக்கு அதுதான் பொருத்தம். நாற்றைச் சிரட்டையோடு சேர்த்தே மண்ணில் புதைக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். செய்யாதீர்கள். சிரட்டை மட்க ஆண்டுக்கணக்கில் ஆகும், வேர் உள்ளேயே சுருண்டுவிடும். கவிழ்த்துத் தட்டி எடுத்து நடுங்கள்.

செடிகளைக் கொம்பில் கட்ட பிளாஸ்டிக் கயிறு வேண்டாம். உங்கள் ஊரில் பூக்கடைகளுக்கா பஞ்சம்? மல்லிகை கட்டும் வாழைநார் ஒரு கட்டு வாங்கி, பத்து நிமிடம் நனைத்து, தக்காளித் தண்டையும் மிளகாய்க் கிளையையும் எட்டு என்ற எண்ணின் வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். தண்டு பருத்தாலும் அறுக்காது. ஆனால் சிரட்டையைத் தொங்கவிட வாழைநார் தாங்காது, வெயிலில் சீக்கிரம் இற்றுவிடும். அதற்குத் தென்னங்கயிறு.

மூடாக்கு போடுவதைக் கைவேலை என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைத்தான் செய்யச் சொல்வேன். காய்ந்த இலை, உதிர்த்த தேங்காய் நார், நிலக்கடலைத் தோல், எது கிடைத்தாலும் மண்ணின் மேல் இரண்டு அங்குலத்துக்குப் பரப்புங்கள். தண்டைச் சுற்றி இரண்டு விரல் இடம் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் தண்டு அழுகும். மதியம் இரண்டு மணிக்கு மூடாக்குக்கு அடியிலும் வெறும் மண்ணிலும் பிள்ளைகளை விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வித்தியாசம் விரலுக்கே தெரியும்.

மேற்கு வெயிலுக்குப் பழைய வெள்ளை வேட்டியைச் செடிகளுக்கு இரண்டடி மேலே கயிற்றில் கட்டினால் போதும். பிளாஸ்டிக் விரிப்பு கட்டாதீர்கள், அது சூட்டைக் கீழே அடைத்து வைக்கும். தண்ணீர் ஊற்றுவது காலை ஏழு மணிக்குள், இல்லையென்றால் வெயில் தாழ்ந்த பிறகு. சாயங்காலம் குழாயைத் திறந்ததும் முதலில் வருவது பகலெல்லாம் குழாய்க்குள் நின்று சுட்ட நீர்; அதை வாளியில் பிடித்து ஆறவிடுங்கள்.

குருவிகளுக்கும் மைனாவுக்கும் ஓர் அகலமான மண் சட்டியில் தண்ணீர் வையுங்கள். இரண்டு விரல் ஆழம் போதும். நடுவில் ஒரு கல் வைத்தால் தேனீயும் உட்கார்ந்து குடிக்கும். தினமும் பழைய நீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் புது நீர் மாற்ற வேண்டும். நல்ல தண்ணீரிலும் டெங்குக் கொசு முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும்.

இனி சமையல். வெயில் காலத்தில் வெயிலுக்கு முன்பே அடுப்பை அணைத்துவிட வேண்டும் என்பது என் அப்பத்தாவின் கணக்கு. காலை எட்டரைக்கு மேல் அவர் வீட்டில் அடுப்பு எரிந்து நான் பார்த்ததில்லை. அதற்கு அவர் நம்பியது இரண்டு: புளிக்கவைத்தல், ஊறவைத்தல். இரவில் நேரம் வேலை செய்யும், காலையில் நாம் கொஞ்சம் செய்தால் போதும்.

கேழ்வரகுக் கூழில் இருந்து தொடங்குங்கள். ஒரு தம்ளர் கேழ்வரகு மாவை இரண்டு தம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, இரவு மூடி வைத்துவிடுங்கள். காலையில் கால் தம்ளர் நொய்யரிசியை நான்கு தம்ளர் தண்ணீரில் குழைய வேகவைத்து, புளித்த மாவை ஊற்றி, தீயைக் குறைத்துக் கைவிடாமல் கிளறுங்கள். நிறம் கறுத்துப் பளபளப்பு வரும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். ஆறியதும் உருண்டை பிடித்து, உருண்டைகள் மூழ்கும்படி தண்ணீரில் போட்டு வையுங்கள். அரை மணி அடுப்பு எரிந்தால் இரண்டு நாள் காலைக்கு ஆயிற்று. சாப்பிடும்போது ஓர் உருண்டையைக் கையாலேயே கரைத்து, மோரும் உப்பும் விட்டு, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட வேண்டும். கரைக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள். கரண்டியால் கரைத்தால் கட்டி நிற்கும், விரலுக்குத்தான் அது தெரியும்.

பழைய சோறு எல்லாரும் அறிந்தது, ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும். இரவுச் சோற்றைச் சூடாக மூடி வைக்காதீர்கள். சீக்கிரம் ஆறவிட்டு, சோற்றுக்கு மேல் ஒரு விரற்கடை நிற்கும்படி தண்ணீர் ஊற்றி, மண் சட்டியில் வையுங்கள். இந்த வெயிலுக்கு எட்டு மணி நேரம் போதும். காலையில் இளம்புளிப்பு மணம் வந்தால் சரி. நூல் விட்டாலோ நாற்றம் அடித்தாலோ குப்பைத் தொட்டிக்கும் வேண்டாம், எருக்குழிக்குப் போகட்டும்.

மதியத்துக்கு நான் சொல்ல விரும்புவது பச்சைப்புளி ரசம். கொதிக்கவைக்கவே கூடாத ரசம் இது. நெல்லிக்காய் அளவு புளியைக் குடிநீரில் ஊறவைத்துக் கரைத்து, மூன்று தம்ளர் வரும்படி நீர்க்க விடுங்கள். பத்துச் சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், அரைத் தேக்கரண்டி சீரகம், நான்கைந்து மிளகு, இவற்றை அம்மியிலோ உரலிலோ ஒன்றிரண்டாகத் தட்டிப் போடுங்கள். பழுத்த தக்காளி ஒன்றைக் கையால் பிசைந்து சேர்த்து, உப்பும் கொத்தமல்லித் தழையும் போட்டால் முடிந்தது. வேண்டுமானால் கடுகும் காய்ந்த மிளகாயும் தாளிக்கலாம். செய்த உடனே ஊற்றாமல் கால் மணி நேரம் மண் சட்டியில் இருக்கவிட்டால் வெங்காயத்தின் சாறு இறங்கி ருசி கூடும். மிக்சியில் அரைக்காதீர்கள், வெங்காயம் கூழாகிக் கசக்கும். சூடான சோறும் இந்தக் குளிர்ந்த ரசமும், தொட்டுக்கொள்ள உங்கள் தொட்டிப் புதினாவில் பச்சையாக அரைத்த துவையலும் இருந்தால் மதியச் சமையலில் அடுப்பு சோற்றுக்கு மட்டும்தான்.

அடுப்பே இல்லாத ஒரு நாள் வேண்டும் என்றால் ராம நவமிப் படையலை நினைத்துப் பாருங்கள். பானகம், நீர்மோர், வடைப்பருப்பு. பங்குனி, சித்திரை வெயிலுக்கு இதைவிடச் சரியான உணவுத் திட்டத்தை யாரும் எழுதிவிட முடியாது. பானகத்துக்கு நூறு கிராம் வெல்லத்தை மூன்று தம்ளர் நீரில் கரைத்து வடிகட்டி, அரை எலுமிச்சம்பழம், கால் தேக்கரண்டி சுக்குப் பொடி, இரண்டு ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. வடைப்பருப்புக்கு அரைத் தம்ளர் பாசிப்பருப்பை ஒன்றரை மணி நேரம் ஊறவைத்து நன்றாக வடித்து, துருவிய மாங்காய், தேங்காய்த் துருவல், பொடியாக நறுக்கிய பச்சை மிளகாய், உப்பு சேர்த்துப் பிசறுங்கள். வெள்ளரிப்பிஞ்சு கிடைத்தால் அதையும் நறுக்கிப் போடலாம். ஏழு வயதுப் பிள்ளை முழுவதையும் தானே செய்யலாம், மிளகாயை மட்டும் நீங்கள் நறுக்கிக் கொடுங்கள்.

வெளியே கொண்டுபோகும் தயிர்சாதத்துக்கு ஒரு குறிப்பு: சோற்றைச் சூட்டோடு மசித்து, வெதுவெதுப்பானதும் பாலை நிறைய விட்டு, தயிர் இரண்டே கரண்டி. மதியத்துக்குள் உள்ளேயே உறைந்து புளிக்காமல் இருக்கும்.

நுங்கு வரும் காலம் இது. நுங்கைக் குளித்த பிறகு, சாப்பாட்டுக்கு முன் என்றெல்லாம் வேளை பார்க்காமல் வெட்டிய சூட்டோடு தின்ன வேண்டும். தின்ற கூடுகளைத் தூக்கி எறியாதீர்கள். இரண்டு கூடுகளை ஒரு குச்சியின் இரு முனைகளிலும் செருகி, நடுவில் கவைக்கம்பை வைத்துத் தள்ளினால் நுங்கு வண்டி. நம்மில் பலர் ஓட்டியதுதான். காசு கொடுத்து வாங்கும் எந்த விளையாட்டுப் பொருளும் என் வீட்டில் இதன் அளவுக்கு நாள் முழுவதும் ஓடியதில்லை. காய்ந்த பிறகு துண்டுகளாக்கி மூடாக்கில் சேர்த்துவிடலாம்.

அடுப்படி நீரைத் தொட்டிக்குக் கொண்டுபோக மறக்காதீர்கள். அரிசி, பருப்பு, கீரை கழுவிய நீர் எல்லாம் சேர்ந்து எங்கள் வீட்டில் தினம் ஒரு சிறு வாளி வருகிறது. உப்புப் போட்டு வடித்த கஞ்சி மட்டும் ஆகாது.

கடைசியாக ஊர்ப்பயணம். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பே தொட்டிகள் எல்லாவற்றையும் சுவரின் நிழல் விழும் பக்கமாக நெருக்கி வையுங்கள். கூட்டமாக நின்றால் ஒன்றுக்கொன்று நிழல் தரும். கலயம் புதைத்த தொட்டிகளுக்கு நிரப்பி மூடினால் போதும், ஆனால் நான்கு நாளுக்கு ஒரு லிட்டர் காணுமா என்பதை உங்கள் மகளின் நோட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கலயம் இல்லாதவற்றுக்கு, ஒரு வாளித் தண்ணீரைத் தொட்டிகளை விட உயரமாகச் செங்கல் மேல் வைத்து, பழைய பருத்தி வேட்டியை இரண்டு விரல் அகலத்தில் நீளமாகக் கிழித்து முறுக்கிக்கொள்ளுங்கள். முழுவதும் நனைத்த பிறகு ஒரு முனை வாளியின் அடியைத் தொட வேண்டும், மறு முனை தொட்டி மண்ணில் இரண்டு அங்குலம் புதைய வேண்டும். வாளியைத் துணியால் மூடிக் கட்டிவிடுங்கள். ஒவ்வொரு துணியும் ஒவ்வொரு வேகத்தில் நீர் கடத்தும், அதனால்தான் மூன்று நாள் முன்பே செய்து பார்க்கச் சொல்கிறேன். வேகமாக வாளி காலியானால் திரியை மெல்லியதாக்குங்கள்.

போகிற அன்று காலையில் வெண்டையைப் பிஞ்சு வரை பறித்துவிடுங்கள். நான்கு நாள் விட்டால் காய் முற்றிவிடும், முற்றிய காய் நின்றால் செடி அடுத்த பூவுக்குச் சுணங்கும். பறித்த பிஞ்சு கையளவுதான் இருக்கும். ஈரத்துணியில் சுற்றிக் கையோடு எடுத்துப் போங்கள், அன்று இரவு ஊரில் குழம்புக்கு ஆகும்.